வெள்ளிக்கிழமை அச்சுறுத்தல்

மிர்லான் ஆறு மணிக்கு எழுந்தான். முகம் கழுவினான். தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். முந்தின நாள் மாலையே பிசைந்து துணி போட்டு மூடி வைத்திருந்த மாவை எடுத்து ஏழு உருண்டை பிடித்தான். ஏழையும் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டினான். இரும்புச் சட்டியில் பருத்திவிதை எண்ணெய் ஊற்றி அடுப்பில் ஏற்றினான். சமையலறை ஜன்னலைத் திறந்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. ரொட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தான். வாசனை ஜன்னல் வழியாகப் போனது. தெரிந்த அளவுக்கு ஓதினான். இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டான். ஒரு ரொட்டியைத் தின்றான். மிச்சம் ஆறைத் துணியில் சுற்றி அடுத்த வீட்டு சால்கின் அக்காவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான்.

வெள்ளிக்கிழமைகளில் இப்படி. மற்ற நாட்களிலும் இதேதான், மாவு மட்டும் கிடையாது.

வெள்ளிக்கிழமை இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். பசியோடு வருவார்கள். அவர்களால் சாப்பிட முடியாது. காய்ந்த எண்ணெயின் வாசனைதான் அவர்களுக்குப் போய்ச் சேரும். சாரி-தெரெக் ஊரில் எல்லா வீட்டிலும் இதற்காகவே பொரிப்பார்கள். மிர்லான் கல்லூரியில் புவியியற்பியல் படித்தவன். இதை நம்பினானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அவன் மனைவி பெகாயிம் போன ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை, கணவாய்ப் பனியில் சறுக்கிய சிற்றுந்தில் இறந்துபோனாள். இருபத்தெட்டு வயது. தனக்கு நம்பிக்கை இல்லை என்பதற்காக அவளைப் பட்டினி போடுவது சரியாகப் படவில்லை. அவ்வளவுதான்.

அவன் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு மின்கம்பம். அந்தக் கம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. மின்வாரியத்துப் பெட்டி என்று நினைத்திருந்தான். உண்மையில் அது மாவட்ட அச்சுறுத்தல் முன்னறி நிலையத்துடையது. காற்றை முகர்ந்து, அதில் வெடிமருந்தோ விஷமோ இருந்தால் சொல்லும் கருவி. நட்பு நாடு ஒன்று இப்படிப் பதினோரு கருவிகளை அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. பத்து இன்னும் பெட்டி பிரிக்கப்படாமல் நிலையத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. பதினோராவதைத்தான் மாட்டியிருந்தார்கள். ஆகவே, மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட அச்சுறுத்தல் முழுவதும் மிர்லான் வீட்டு ஜன்னலிலிருந்தே வந்தது.

அவள் இறந்த பிறகு வந்த நாற்பத்தேழாவது வெள்ளிக்கிழமை ஆறேமுக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. முன்னறி நிலையத்து மேஜர் சுயுன்பாயெவ் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். காதுமடல் வைத்த தொப்பி. மீசையில் பனி. பின்னால் இரண்டு பேர், ஆளுக்கொரு துப்பாக்கி. அதில் ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"உள்ள என்ன நடக்குது?"

"ரொட்டி பொரிக்கிறேன்."

"யாருக்கு?"

"என் மனைவிக்கு."

"அவங்களக் கூப்பிடுங்க."

"அவ இறந்துட்டா."

மேஜர் குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதைத் தானே ஒருமுறை படித்தார். "அப்ப, பெறுநர் உள்நாட்டுல இல்ல," என்றார்.

"உங்க வீட்டுல பொரிக்கிறதில்லையா, சார்?"

"ஏன் பொரிக்காம? எங்கம்மா வாரம் தவறாமப் பொரிப்பாங்க. அப்பாவுக்கு." மேஜர் பெருமூச்சு விட்டார். "ஆனா எங்க தெருவுல கம்பம் இல்லப்பா. கோட்டு எடுத்துக்க. வெளிய குளிரு."

நிலையம் பழைய பால் பண்ணைக் கட்டடத்தில் இயங்கியது. நுழைந்ததும் ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு இடது பக்கம் போகும் நடைவழி பயங்கரவாதப் பிரிவு. வலது பக்கம் போவது விரோத நாடுகள் பிரிவு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு தேநீர்க் கெண்டி இருந்தது. அது மட்டும்தான் பொது. மிர்லானை எந்தப் பிரிவு விசாரிப்பது என்று முடிவாகாததால் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

பயங்கரவாதப் பிரிவின் தலைவர் வந்து பார்த்தார். "வாசனை ஊருக்குள்ளேர்ந்து கிளம்புது. அதனால இவன் எங்க ஆளு," என்றார்.

விரோத நாடுகள் பிரிவின் தலைவர் அவர் பின்னாலேயே வந்தார். "காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, அதப் பாருங்க. பள்ளத்தாக்குலேர்ந்து மேல, எல்லைய நோக்கி. அங்க இருக்கிறவனுக்கு இது சமிக்ஞை. இவன் எங்க ஆளு."

"சாயங்காலம் காத்துத் திரும்புமே?"

"சாயங்காலம் நீங்க வச்சுக்குங்க."

கடைசியில் அப்படியே முடிவானது. காலையில் மிர்லான் அன்னிய நாட்டு ஏஜண்ட். மாலையில் உள்ளூர் பயங்கரவாதி. மதியம், காற்று நிற்கும் நேரத்தில், அவனை யாரும் கவனிக்கவில்லை. அப்போது ஒரு குவளைத் தேநீர் ஊற்றிக் குடித்தான்.

மேஜர் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். பதினாறு பக்கம். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு நிரப்பினார்.

"பெறுநர் தற்போது வசிக்கும் இடம். உள்நாடு, அண்டை நாடு, தூர நாடு. எதைப் போடட்டும்?"

"வேற கட்டம் எதுவும் இல்லையா?"

"முன்னாடி 'மற்றவை'னு ஒண்ணு இருந்துச்சு. எல்லாரும் அதையே போட்டாங்க. எடுத்துட்டாங்க."

"அப்ப தூர நாடு போடுங்க."

"அதான் எனக்கும் பட்டுச்சு," என்றார் மேஜர். "பெறுநரிடமிருந்து பதில் வந்ததா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"இல்ல."

மேஜர் பேனாவை நிறுத்தினார். அவனைப் பார்க்காமல், "எங்கப்பாவும் அப்படித்தான்," என்றார். பிறகு, 'பதில் இதுவரை இடைமறிக்கப்படவில்லை' என்று எழுதினார்.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம். 'இறந்தவர் கடைசியாகக் கூறிய வார்த்தைகள். அறிவுறுத்தல் ஏதும் இருப்பின் குறிப்பிடவும்.'

மிர்லான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கெண்டி கொதித்து அடங்கியது.

"அது இப்ப வேண்டாம்," என்றார் மேஜர். பக்கத்தை மூடினார். "அவசரமில்ல."

அவசரம் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. நிலையத்தின் ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டம். வெள்ளிக்கிழமை இரவே வீட்டுக்கு அனுப்பியிருந்த மிர்லானையும் வரச்சொல்லியிருந்தார்கள். மூன்றாம் வரிசையில், 'அச்சுறுத்தல்' என்று சீட்டு ஒட்டிய நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகளைக் காலியாக விட்டிருந்தார்கள்.

நிலையத்தின் தலைவர் கர்னல் தொக்தொகோனொவ் மேடையேறினார். மார்பில் நிறையப் பதக்கங்கள்; மைக்கில் உரசி ஒலித்தன.

"மதிப்பிற்குரிய சகாக்களே! கடந்த பதினான்கு ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் ஒரு தாக்குதல்கூட நடக்கவில்லை. எதிரி எவ்வளவு பொறுமைசாலி என்பதை இது காட்டுகிறது. முன்பெல்லாம் எதிரி யார் என்று நமக்குத் தெரியும். அவனுக்குத் தாடி இருக்கும், அல்லது ஆவணங்கள் சரியாக இருக்காது. இன்று அச்சுறுத்தல் வளர்ந்துவிட்டது. பயங்கரவாதியும் விரோத நாடும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். எதிரி யார் என்றே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவன் முன்னேறியிருக்கிறான். நாமும் அவனுக்கு ஈடாக முன்னேறி வருகிறோம். இன்று நாம் யார் என்பதும் யாருக்கும் தெரியாது."

கைதட்டல்.

"இதோ ஆதாரம்." திரையில் ஒரு வரைபடம் தோன்றியது. கீழே வாரங்கள், ஒன்றிலிருந்து நாற்பத்தேழு வரை. மேலே ஒரு சிவப்புக் கோடு. "கருவி பதிவுசெய்த சமிக்ஞையின் வலிமை. முதல் வாரம் பாருங்கள். மிகப் பலவீனம். சோதனை முயற்சி. இரண்டாம் வாரம் அதே நிலை. நான்காம் வாரம் திடீரென உச்சம், கரும்புகை. விபத்தாக இருக்கலாம்."

அது விபத்துதான். நான்காம் வாரம் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மிர்லான் அவளுடைய அலமாரியைத் திறந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சால்கின் அக்கா வந்து அடுப்பை அணைத்தாள்.

"ஒன்பது, பத்து, பதினொன்றாம் வாரங்கள். முழு மௌனம். சகாக்களே, இந்த மௌனம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்று வாரம் எதிரி என்ன செய்துகொண்டிருந்தான்? எங்கே போயிருந்தான்? யாரிடம் பயிற்சி பெற்றான்?"

அந்த மூன்று வாரமும் மிர்லான் கட்டிலில் கிடந்தான். சுவரைப் பார்த்தபடி. எங்கும் போகவில்லை.

"பிறகு படிப்படியான வளர்ச்சி. இருபதாம் வாரம், முப்பதாம் வாரம். ஏற்ற இறக்கம் உண்டு. எதிரி இன்னும் பதற்றப்படுகிறான். ஆனால் கோடு மேலே போகிறது. இவன் கற்றுக்கொள்கிறான், சகாக்களே! இதைத்தான் நாங்கள் 'வளர்ந்துவரும் அச்சுறுத்தல்' என்கிறோம்."

மிர்லான் கோட்டைப் பார்த்தான். இறுதிச் சடங்குக்குப் பிறகு அவன் எப்படி இருக்கிறான் என்று எல்லோரும் ஒருமுறை கேட்டார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். வாரா வாரம் விடாமல் ஒருவர் கணக்கெடுத்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. அது ஒரு பெட்டி என்றாலும், இந்த உலகத்தில் அவனுடைய ஒரு வருடத்தைப் பார்த்த ஒரே சாட்சி அதுதான். ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை.

"அச்சுறுத்தல் ஏதாவது சொல்ல விரும்புகிறதா?" என்று கேட்டார் கர்னல்.

மிர்லான் எழுந்தான். "நான் நிலநடுக்கப் பதிவு நிலையத்துல வேலை பாக்குறேன், சார். எங்க ஊசி ஒரு நாளைக்கு நாப்பது தடவ ஆடும். முப்பத்தொம்பது தடவ அது சரக்கு லாரி. முதல்ல லாரியக் கழிச்சிருவோம். அப்புறம் மிச்சத்தப் பாப்போம்."

கர்னல் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "எல்லா லாரியையும் கழிச்சிட்டா, தம்பி, அப்புறம் உங்க நிலையத்துக்கு என்ன வேலை?"

மறுபடி கைதட்டல்.

கூட்டத்தின் முடிவில் உத்தரவு வாசிக்கப்பட்டது. அபாய நிலை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு உயர்த்தப்படுகிறது. மஞ்சள் நிலை உள்ளவரை, கருவிக்கு ஐம்பது மீட்டர் சுற்றுவட்டத்தில் எண்ணெய் காய்ச்சக் கூடாது.

நான்கு வெள்ளிக்கிழமைகள் மிர்லான் எண்ணெய் காய்ச்சவில்லை. ஆறு மணிக்கு எழுந்தான். தேநீர் குடித்தான். ஜன்னலை மட்டும் திறந்து வைத்தான். குளிர்தான் உள்ளே வந்தது. ஐம்பத்திரண்டாவது வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. அது வருட நாள். அதற்குப் பிறகு அவள் வாரா வாரம் வரமாட்டாள் என்றார்கள் பெரியவர்கள். அந்த ஒரு நாள் வாசனை போய்ச் சேராவிட்டால் பசியோடுதான் போவாள்.

"எங்க வீட்டுல வந்து பொரி," என்றாள் சால்கின் அக்கா. அறுபது வயது, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். எவனுக்கும் பயப்படமாட்டாள். "எங்க ஜன்னல் அந்தப் பக்கம் பாக்குது."

மிர்லான் நிலையத்துக்குப் போய்க் கேட்டான். மேஜர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "அடுத்த வீட்டுக்குப் போனா அது 'பரவல்'. மஞ்சள் சிவப்பாயிடும்."

"பெட்டிய வேற கம்பத்துக்கு மாத்த முடியாதா?"

"பச்சை நிலையில மட்டும்தான் மாத்தலாம். பச்சைக்கு வரணும்னா உன் கோப்ப மூடணும். கோப்ப மூடணும்னா கடைசிப் பக்கம் நிரப்பணும். நிரப்பணும்னா சமிக்ஞைய ஒரு தடவ கண்முன்னால சோதிக்கணும். சோதிக்கணும்னா நீ பொரிக்கணும்."

"பொரிக்கக் கூடாதே?"

"அதான் சிக்கல்," என்றார் மேஜர். அவர் முகத்தில் களைப்பு தெரிந்தது. இருபத்தாறு வருடச் சேவை. "'கட்டுப்படுத்தப்பட்ட வெளியேற்றம்'னு ஒரு பிரிவு இருக்கு. நிலையத்தோட கண்காணிப்புல. எழுதிக் குடு. உன் வருட நாளையே தேதியாப் போடறேன்."

அப்படித்தான் அனுமதி கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை மிர்லான் ஆறு மணிக்கு எழுந்தபோது தெருவில் நான்கு வண்டிகள் நின்றிருந்தன. அதில் ஒன்று தீயணைப்பு வண்டி, ஒன்று ஆம்புலன்ஸ். வருட நாளுக்கு வரவேண்டிய அக்கம்பக்கத்தார் அத்தனை பேரையும் பாதுகாப்புக்காகப் பள்ளிக்கூடத்து விளையாட்டு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சால்கின் அக்கா மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள்.

"டேய் மிர்லான்! நாட்டையே நடுங்க வச்சிட்டியாமே! ஒரு ரொட்டியக் கருக விடாம எடுக்க உனக்கு எட்டு மாசமாச்சு, அது இவனுங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா, உள்ள போங்க," என்றான் காவல்காரன்.

"நீ யாரு மவன்டா? உங்கம்மா பொரிக்கலியா இன்னிக்கி?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முகமூடி போட்டிருந்தான்.

சமையலறையில் பதினான்கு பேர். எல்லோரும் ரப்பர் உடையில். எல்லோருக்கும் வாயுக் கவசம். நகர இடமில்லை. அடுப்புக்கு இடது பக்கம் பயங்கரவாதப் பிரிவு, வலது பக்கம் விரோத நாடுகள் பிரிவு. அவர்களில் ஒருவன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஜன்னலில் ஒரு ரிப்பனைக் கட்டினான். நடுவில் கர்னல். அவருடைய கவசம் மட்டும் வெளிநாட்டுத் தயாரிப்பு.

மிர்லான் ஏழு உருண்டை பிடித்தான். தட்டினான். சட்டியை ஏற்றினான். பின்னால் பதினான்கு பேர் இரைத்து இரைத்து மூச்சு விடும் சத்தம். முதல் ரொட்டியைப் போட்டான்.

கம்பத்துப் பெட்டி அலறியது.

"சமிக்ஞை உறுதி!" என்று கவசத்துக்குள்ளிருந்து கத்தினார் கர்னல். யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு பேர் சல்யூட் அடித்தார்கள்.

ஏழும் பொரிந்தன. வாசனை ஜன்னல் வழியாகப் போனது. ரிப்பன் அசையவில்லை. காற்றே இல்லை. அது யாருடைய பிரிவிலும் சேராமல் நேராக மேலே போனது. மிர்லான் ஓதினான். முகத்தைத் தடவிக்கொண்டான். தங்களை அறியாமலே பதினான்கு பேரும் ரப்பர் கையுறைகளால் கவசக் கண்ணாடிகளைத் தடவிக்கொண்டார்கள்.

பிறகு மிர்லான் தட்டை நீட்டினான்.

யாரும் அசையவில்லை. விதிப்புத்தகத்தில் இதற்கு ஒன்றும் இல்லை. ஆனால், இறந்தவருக்குப் பொரித்த வீட்டில் நின்றுவிட்டு, ரொட்டியைத் தொடாமல் வெளியே போக முடியாது. போனால் அது அவளை அவமதிப்பது. இது அந்தப் பதினான்கு பேருக்கும் விதிப்புத்தகத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்.

மேஜர் சுயுன்பாயெவ்தான் முதலில் கவசத்தைக் கழற்றினார். முகம் வேர்த்திருந்தது. ஒரு துண்டு பிய்த்துக்கொண்டார். "போன ஆத்மா சாந்தியடையட்டும்," என்றார். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கழற்றினார்கள். இடதும் வலதும் ஒரே தட்டில் கைவைத்தன. வெளியே பெட்டி அலறிக்கொண்டே இருந்தது. கடைசியாகக் கர்னல் வாங்கினார். மென்றார். கையுறையைப் பார்த்தார்.

"எண்ணெய் குடிச்சிருக்கு," என்றார்.

"ஆமா, சார்," என்றான் மிர்லான். "அவசரப்பட்டுட்டேன்."

கர்னல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பதினாறாம் பக்கத்தை மேசையில் விரித்தார். குரல் கொஞ்சம் மென்மையாகத்தான் இருந்தது.

"தம்பி, நான் கல் மனசுக்காரன் இல்ல. கோப்ப இன்னிக்கே மூடிடறேன். நாளைக்கே பெட்டிய வேற தெருவுக்கு மாத்திடுவாங்க. ஆயுசுக்கும் பொரி, ஒருத்தனும் கேக்கமாட்டான். இந்தக் கட்டத்துல நாங்களே ஒரு வரி எழுதி வச்சிருக்கோம். 'இறந்தவர் எந்த அறிவுறுத்தலும் விட்டுச் செல்லவில்லை; ஒன்றும் சொல்லவில்லை.' நீ கையெழுத்து மட்டும் போடு."

"அவ சொன்னா."

"என்ன சொன்னாங்கங்கிறது முக்கியமில்ல. அறிவுறுத்தல் இருந்துச்சுன்னா, அதன்படி நீ செயல்பட்டேன்னு ஆயிடும். கோப்பு மூடாது. பெட்டி இங்கதான் இருக்கும். யோசி."

மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிர்லான் யோசித்தான். இறந்த அந்த வெள்ளிக்கிழமை அவள், எப்போதோ போய்விட்ட தன் அம்மாவுக்காக மாவு பிசைந்திருந்தாள். நேரமாகிவிட்டது. நீ போட்டு எடு, நான் கிளம்புறேன் என்றாள். அவன் அதுவரை பொரித்ததில்லை. மாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நின்றான். அவள் ஒரு காலில் பூட்ஸ் மாட்டியிருந்தாள்; இன்னொன்றைக் கையில் பிடித்தபடி கதவில் சாய்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. சிற்றுந்தின் ஹாரன் கேட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று அவனால் கையெழுத்துப் போட முடியாது.

பேனாவை வாங்கினான். அவர்கள் எழுதி வைத்திருந்த வரியை அடித்தான். அதன் கீழே, கட்டத்துக்குள் அடங்கும்படி சின்ன எழுத்தில், அவள் சொன்னதை எழுதினான்.

"அவசரப்படாத. எண்ணெய் நல்லாக் காயட்டும்."